காகிதப் பூவும் ஆண் வேடமிட்ட பெண்ணும்

மதில்மேல் படர்ந்து கிடக்கும் காகிதப் பூக்கொடியைப் பார்க்காதவர் யார்? ஒரு குச்சியை ஒடித்து நட்டு, நல்ல வெயில் கிடைத்தால் போதும். தண்ணீர் அதிகமானால்தான் பூக்க மறுக்கும். (வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் பூ!)

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. உலகைச் சுற்ற 1766-ல் கிளம்பிய பிரெஞ்சுப் பயணக்குழு 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் தங்கியது. அங்கே இக்கொடியைக் கண்ட தாவரவியலாளர் கொமெர்சோன், பயணத் தலைவர் பூகன்வில்லின் பெயரைச் சூட்டினார். நாம் சொல்லும் 'போகன்வில்லா' அதுதான்.

ஆனால் கொமெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். மலையேறிச் செடி பறித்ததும் மூட்டை சுமந்ததும் பெரும்பாலும் அவருடைய 'வேலைக்காரன்'. அந்த வேலைக்காரன் ழான் பாரே என்ற பெண்! கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்குத் தடை இருந்ததால் ஆண் வேடம். ரியோவில் இக்கொடியை முதலில் பறித்ததே அவர்தான் என்று கருதுவோரும் உண்டு. நேரடிச் சான்று இல்லை. ஆனாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு கொமெர்சோன் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்?

1768-ல் தாஹித்தியில் குட்டு வெளிப்பட்டதாக பூகன்வில் எழுதியுள்ளார். இருவரும் மொரீஷியஸில் இறங்கினர். 1773-ல் கொமெர்சோன் அங்கேயே இறந்தார். பின்னர் பிரான்ஸ் திரும்பிய பாரே, உலகைச் சுற்றிய முதல் பெண் ஆனார். 1785-ல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 லிவ்ர் உதவித்தொகை வழங்கியது.

பாரே நினைவாக கொமெர்சோன் ஒரு செடிக்கு வைத்த பெயர் நிலைக்கவில்லை. 2012-ல்தான் ஈக்வடார், பெரு நாடுகளில் வளரும் கத்தரி இனக் கொடி ஒன்றுக்கு 'சொலானம் பாரெட்டியே' என்று பெயரிட்டார்கள்.