வாவியைக் கடந்த சொல்

கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச வேண்டுமென இன்று பலரும் ஆலோசனை கூறுகிறார்கள். அப்பேச்சுக்கு எமது மட்டக்களப்பு மண்ணிலே ஒரு வரலாறு உண்டா என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த படுவான்கரை. குடியிருப்பு ஒரு கரையிலும் வேளாண்மை மறுகரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. தோணியேறிச் சென்ற ஆண்கள் வயல்வாடியிலும் காவற்பரணிலும் பல இரவுகளைக் கழித்தனர்.

வீடோ பெண்ணுடையது. இங்கு தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியாகவே வருகிறது. மணமானவன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். பழைய முக்குவர் சட்டத்தின்படி ஆணின் முதுசம் அவனது பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்கே சேர்ந்தது. இச்சட்டம் பற்றிப் பிரிற்றோ எழுதிய நூல் 1876இல் வெளிவந்தது. அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்முறையை வலுவிழக்கச் செய்தது. ஆயினும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் மறையவில்லை.

இதிலே நான் காணும் பொருள் ஒன்றுண்டு. அக்காலத்துக் கணவன் ஒரு கால் சகோதரி வீட்டிலும் மறு கால் மனைவி வீட்டிலுமாக நின்றவன். அவனையும் மனைவியையும் இணைத்துவைக்கச் சொத்துப் போதாது, சொல்லும் வேண்டும்.

அத்தகைய சொல்லை எமது நாட்டார் கவிகளிலே காண்கிறோம். வீ.சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இக்கவி வளத்தைப் போற்றி எடுத்துரைத்த நூலாகும். கவியிலே ஆண் தன் தனிமையைச் சொல்லிக் கெஞ்சுகிறான். அதனால் அவன் குறைந்துபோவதில்லை. பெண் ‘மச்சான்’ என்றழைத்து ஆசையையும் சொல்கிறாள், சந்தேகத்தையும் கேட்கிறாள், வேண்டுமானால் ஏசவும் செய்கிறாள். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் இதே குரல்தான்.

வகுப்பிலே கவி கற்பித்த ஒரு நாள் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், கலியாணம் முடிஞ்ச பிறகும் இவங்க இப்படிக் கதைச்சாங்களா?”

நல்ல கேள்வி. கவிகளிற் பெரும்பாலானவை காதலர் பேச்சு. மணத்தின் பின் அக்குரல் தாழ்ந்துவிடுகிறது. வீடு பெண்ணுடையதானால் வீட்டிலே அவள் சொல்லுக்கும் மதிப்பிருக்கும் என்று நாம் எண்ணலாம். ஆனால், தாய்வழிச் சமூகத்திலும் ஆணாதிக்க நடைமுறை இருப்பதைக் கிழக்கிலங்கைப் பெண்களைப் பற்றிய தமது 2006ஆம் ஆண்டு நூலிலே கஞ்சனா ருவன்புர எடுத்துக்காட்டினார். 2004 ஆழிப்பேரலையின் பின் கட்டப்பட்ட வீடுகளிற் சில ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயருக்கு எழுதப்பட்டதும் உண்டு. உறுதி யார் பெயரில் இருக்க வேண்டுமென வாதாடுவது நியாயமே. அந்த வீட்டுக்குள்ளே பேச்சு இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியதே.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை அங்கே பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். இன்று காலையிற் படுவான்கரைக்குப் போனவன் மாலையில் வீடு திரும்பலாம். திரும்பியவன் தன் களைப்பையும் பயத்தையும் மனைவியிடம் சொல்லட்டும்; அவள் தன் மனக்குறையை அஞ்சாமற் கேட்கட்டும். பரணிலிருந்து பாடிய எம் முன்னோருக்கு அது முடிந்தது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் எமக்கு அது முடியாததா?