சாம்ப்ளேன் ஏரிக் கரையில் ஒரு நாள்

அமெரிக்காவின் நியூயார்க், வெர்மாண்ட் மாநிலங்களுக்கு இடையே, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளத்திற்குத் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது சாம்ப்ளேன் ஏரி. அதன் வடமுனை கனடாவிற்குள் செல்கிறது. 1609-ஆம் ஆண்டு இங்கு வந்த பிரெஞ்சுக்காரர் சாமுவேல் தெ சாம்ப்ளேன் தம் பெயரையே இதற்குச் சூட்டினார். அவருக்கு நெடுங்காலம் முன்பே அபெனாக்கி, மோஹாக் மக்கள் இந்நீரில் படகு செலுத்தி வந்தனர்.

இலையுதிர் காலத்தில் கரையோரக் காடுகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். அவ்வழகையும் பழைய கோட்டைகளையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். இவ்விரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே நாம் இங்கு அறிய வேண்டிய செய்தி.

நீரே நெடுஞ்சாலை

பாதையில்லாத அடர்ந்த காட்டில் பீரங்கிகளையும் உணவுப் பொருள்களையும் கொண்டு ஒரு படை எவ்வாறு செல்லும்? படகில்தான் செல்ல முடியும். நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றில் வடக்கே சென்று, சிறிது தூரம் தரைவழியே நடந்து, ஜார்ஜ் ஏரி, சாம்ப்ளேன் ஏரி, ரிஷலியு ஆறு ஆகியவற்றின் வழியாகக் கனடாவை அடையலாம். எனவே, இந்நீர்வழியைக் காக்கவும் கைப்பற்றவும் கோட்டைகள் எழுந்தன.

காலையில் டைகொண்டெரோகா

ஜார்ஜ் ஏரியின் நீர் சாம்ப்ளேன் ஏரியில் வந்து கலக்கும் இடத்திற்கு அருகே நிற்கிறது டைகொண்டெரோகா கோட்டை. 1755-இல் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கட்டத் தொடங்கினர். 1759-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1775 மே 10 அன்று விடியற்காலையில் ஈதன் ஆலன், பெனடிக்ட் ஆர்னால்டு ஆகியோர் தலைமையில் வந்த குடியேற்ற நாட்டினர் இதைத் திடீரெனப் பிடித்தனர். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஹென்றி நாக்ஸ் என்பவர் இங்கிருந்த பீரங்கிகளைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றி, பனியின் மீது இழுத்துக்கொண்டு பாஸ்டன் நகரை நோக்கிப் புறப்பட்டார். 1776 மார்ச் 17 அன்று ஆங்கிலேயர் அந்நகரை விட்டு வெளியேறினர். பிற்காலத்தில் இடிந்து கிடந்த கோட்டை சீரமைக்கப்பட்டு, 1909-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

நண்பகலில் கிரௌன் பாயிண்ட்

வடக்கே சிறிது தொலைவில், ஏரி குறுகும் இடத்தில் இருப்பது கிரௌன் பாயிண்ட். 1734-இல் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய கோட்டையின் எச்சமும், 1759-இல் ஆங்கிலேயர் தொடங்கிய பெருங்கோட்டையின் எச்சமும் இங்கு அருகருகே உள்ளன. பின்னது 1773-இல் தீக்கிரையாயிற்று. சுண்ணாம்புக்கல் சுவர்கள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. அருகில், 2011-இல் திறக்கப்பட்ட பாலத்தின் மேல் நின்று வடக்கே நோக்கினால், 1776-ஆம் ஆண்டின் போர்க்களமாக விளங்கிய நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும்.

காலத்தை வென்ற தோல்வி

அவ்வாண்டு கனடாவிலிருந்து தெற்கே இறங்க ஆளுநர் கார்ல்டன் திட்டமிட்டார். அவரைத் தடுக்க, ஏரியின் தென்கோடியில் ஆர்னால்டு அவசரமாகப் படகுகள் கட்டினார். ஆகவே ஆங்கிலேயரும் பெரிய கப்பல்களைத் திரட்ட வேண்டியதாயிற்று. ஒரு கப்பலைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்து வந்து, ஏரிக்கு வடக்கே மீண்டும் பூட்டினர். இவ்வாறு கோடைக்காலம் கழிந்தது.

அக்டோபர் 11 அன்று வால்கூர் தீவருகே போர் மூண்டது. ஆர்னால்டின் படகுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் அழிந்தன. போரில் வென்றவர் கார்ல்டனே. எனினும் அவர் கிரௌன் பாயிண்ட்டை அடைந்தபோது குளிர்காலம் நெருங்கிவிட்டது. ஏரி உறைந்தால் படைக்கு உணவு வருவது எப்படி? டைகொண்டெரோகாவைத் தாக்காமலே நவம்பர் தொடக்கத்தில் அவர் வடக்கே திரும்பினார்.

மறு ஆண்டு ஜூலையில் பர்கோயின் தலைமையில் வந்த படை அக்கோட்டையைப் பிடித்தது. ஆயினும், தெற்கே சென்ற அப்படை 1777 அக்டோபர் 17 அன்று சாரடோகாவில் சரணடைந்தது. அதன் விளைவாக 1778-இல் பிரான்சு அமெரிக்கர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இவ்வெற்றிக்கு வேண்டிய ஓராண்டு அவகாசத்தைத் தேடித் தந்தவை ஏரியில் மூழ்கிய அப்படகுகளே. அவற்றைக் கட்டிய ஆர்னால்டே 1780-இல் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தது வரலாற்றின் விந்தை!

இலைகள் காட்டும் கடிகாரம்

பகற்பொழுது குறையக் குறைய, மேப்பிள் போன்ற மரங்கள் குளிர்காலத்திற்கு ஆயத்தமாகின்றன. இலைகளில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு நிறம் தரும் அந்தோசயனின் அப்போது புதிதாக உண்டாவது. வெயில் மிகுந்த பகலும் குளிர்ந்த இரவும் அமைந்தால் சிவப்பு மேலும் ஒளிரும். பின்னர்க் காம்பின் அடியில் பிரிவு ஏற்பட்டு இலை உதிர்கிறது.

இன்றைய பயணிக்கு இந்நிறமாற்றம் கண்ணுக்கு விருந்து. கார்ல்டனுக்கோ அது, காலம் கடந்துவிட்டது என்ற எச்சரிக்கை.

வால்கூரில் மூழ்கிய 'பிலடெல்பியா' என்ற படகு, 1935-இல் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. குளிர்ந்த நன்னீர் அதன் மரத்தை 159 ஆண்டுகள் காத்திருந்தது. இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அப்படகு, தோற்றவர்களும் வரலாற்றை மாற்றக்கூடும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.