நகையும் நோயும்

வானொலி நாடகத்தில் கண்ணுக்கு வேலையில்லை. நகை என்னும் மெய்ப்பாட்டை ஓசையே சுமக்க வேண்டும். ஓசையின் ஆற்றலை எல்லைவரை சோதித்த எழுத்தாளர் ஸ்பைக் மில்லிகன். பிரித்தானியப் படைவீரர் ஒருவரின் மகனாக 1918-இல் அகமதுநகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி, 1944-இல் இத்தாலியில் காயமுற்றார். உடற்புண் ஆறியது, உள்ளத்தின் நடுக்கம் நீங்கவில்லை.

'கூன் ஷோ' எனப் பின்னர்ப் பெயர்பெற்ற தொடர், பி.பி.சி. வானொலியில் 1951 முதல் 1960 வரை ஒலித்தது. பீட்டர் செல்லர்சும் ஹாரி சீகோம்பும் அவருடன் நடித்தனர். லாரி ஸ்டீவன்ஸ், எரிக் சைக்ஸ் ஆகியோர் எழுத்தில் துணைநின்றனர். எனினும் பெருஞ்சுமை மில்லிகனுடையதே. காலடியோசையும் வெடியோசையும் அவர் கையில் பின்னணியாக நில்லாமல் பாத்திரங்களாகவே மாறின. களத்தில் அஞ்சவைத்த வெடியோசை அரங்கில் நகை விளைத்தது.

வாரந்தோறும் எழுதும் நெருக்கடியினிடையே, 1952-இன் இறுதியில் அவர் மனமுறிவுற்றார். மீண்டு வந்து எழுதினார்; நோயோ வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. 1959-இல் சிறுவர்க்கான வேடிக்கைப் பாடல் நூலையும் வெளியிட்டார். 2002-இல் மறைந்தார்.

பொருள் விளங்குமுன்பே ஓசை நெஞ்சைத் தொடும் என்பது கவிஞர் அறிந்ததே. அதனை மெய்ப்பித்தவர் கொடுத்த விலையையும் இலக்கிய வரலாறு மறத்தலாகாது.