எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை அடையாளம் காணுதல்

எச்.எம்.டி. கைக்கடிகாரம் என்பது இந்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1961 முதல் தயாரித்த கைக்கடிகாரம் ஆகும். தாத்தாவோ அப்பாவோ விட்டுச்சென்ற கடிகாரம் என்று பல இந்திய வீடுகளில் இன்றும் இருப்பது இதுவே. முகப்பில் உள்ள பெயரை மட்டும் பார்த்து இதை அடையாளம் காண இயலாது. முகப்பை எளிதில் மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பொறியும் பின்மூடியும் அதைவிட நம்பகமான சான்றுகள்.

வரலாறு

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் இந்தியர்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களையே கட்டிவந்தனர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இந்நிலையில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் ஜவஹர்லால் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், பெண்களுக்கான சுஜாதா ஆகியவை பெயர்பெற்ற வகைகள். திருமணப் பரிசாகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் இவை வழங்கப்பட்டன.

1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் தயாரான அதன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்தன. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அடையாளங்கள்

நொடிமுள்: சாவி கொடுக்கும் ஜனதாவில் நொடிமுள் நொடிக்கு 5 சிறு அடிகளாக நகர்வதால், ஏறத்தாழ வழுக்கிச் செல்வதுபோல் தெரியும். நொடிக்கு ஒருமுறை துள்ளினால் அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்.

முகப்பு: தொடக்ககாலக் கடிகாரங்களில் எச்.எம்.டி. என்பதுடன் சிட்டிசன் பெயரும் இருக்கும். சில ஜனதா கடிகாரங்களில் நிறுவனத்தின் பெயர் தேவநாகரியில் உள்ளது. "பாரா ஷாக்" என்பது அதிர்ச்சி தாங்கும் அமைப்பைக் குறிக்கும்; சிட்டிசன் 1956இல் அறிமுகப்படுத்தியது அது.

பொறி: பின்மூடியைத் திறந்தால் பொறியின் மேல்தகட்டில் நிறுவனப் பெயரும் பொறி எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஜனதாவில் பரவலாகக் காணப்படுவது 17 கற்கள் கொண்ட 0231 வகை. திறப்பதைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

மறுமுகப்புக் கடிகாரங்கள்

பழைய பொறிக்குப் புதிதாக அச்சிட்ட முகப்பைப் பொருத்தி விற்பது இன்று பரவலாக நடக்கிறது. கருப்பு முகப்புள்ள பைலட் இவ்வாறு அதிகம் போலி செய்யப்படுகிறது. எழுத்துகள் தடித்து ஒழுங்கற்று இருத்தல், நிமிடக் கோடுகள் முள்ளின் நிலையோடு பொருந்தாமை, மிகப் பளிச்சென்ற நிறம், பொறி எண்ணும் வகைப் பெயரும் ஒத்துப்போகாமை ஆகியவை இதன் அறிகுறிகள். பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிய கதம்பக் கடிகாரங்களும் உண்டு.

பாதுகாத்தல்

மங்கிய முகப்பைப் புதுப்பிப்பதும் பின்மூடியை மெருகேற்றுவதும் கடிகாரத்தின் வரலாற்றை அழித்துவிடும். பரிசாகப் பெற்றவரின் பெயரும் தேதியும் பின்மூடியின் வெளிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கலாம். பழுதுபார்த்தவர்கள் கீறிவைத்த தேதியும் குறியீடும் அதன் உட்புறத்தில் இருக்கலாம். அந்தக் கடிகாரம் யாருடையது, எப்போதெல்லாம் பழுதுபார்க்கப்பட்டது என்பதற்கு இவையே எழுத்துச் சான்றுகள். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் முகப்பு, பொறி, பின்மூடியின் இரு பக்கங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, விற்பனை ரசீதோ உத்தரவாத அட்டையோ இருந்தால் அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும்.