எண்ணெய் தந்த பரிசு: புருணையில் ஒரு மலாய் அருங்காட்சியகம்

போர்னியோ தீவின் வடகரையில் உள்ள சிறிய நாடு புருணை. அதன் தலைநகர் பண்டார் செரி பகாவானை ஒட்டி, ஆற்றங்கரையில் கோத்தா பத்து என்ற இடத்தில் மலாய்த் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. தொழில்நுட்பம் என்றதும் இயந்திரங்களைத் தேட வேண்டாம். வீடு கட்டும் முறை, படகு, மீன்பொறி, தறி, பித்தளை வார்ப்பு ஆகியவைதான் இங்கே தொழில்நுட்பம்.

முதல் கூடம் கம்போங் ஆயர் பற்றியது. கம்போங் என்றால் ஊர், ஆயர் என்றால் தண்ணீர். ஆற்றுக்குள் மரக்கால்களை நட்டு அவற்றின்மேல் வீடு கட்டினார்கள். கூரைக்கு நீப்பாப் பனை ஓலை, தெருவுக்குப் பதில் பலகைப் பாலம். மகெல்லன் இறந்த பிறகு அவருடைய கப்பல்கள் 1521-ல் இங்கே வந்தன. அவற்றில் வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா, அரசரும் சில தலைவர்களும் தவிர மற்ற எல்லோருடைய வீடும் உப்புத் தண்ணீரில் நிற்கிறது என்றும், 25,000 அடுப்புகள் எரிகின்றன என்றும் எழுதினார். அந்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். ஆனால் நீர் ஏறும் நேரத்தில் பெண்கள் படகில் வந்து பண்டம் விற்றதாக அவர் சொன்னது சரிதான். பெரிய ஓலைத் தொப்பி அணிந்த 'பாடியான்' பெண்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் அப்படித்தான் விற்றார்கள்.

அடுத்தது கைத்தொழில் கூடம். தண்ணீர் ஊரில் தொழிலால் பெயர் பெற்ற பகுதிகள் உண்டு; பாண்டாய் பெசி என்றால் இரும்புக் கொல்லர். பித்தளைக்காரர் முதலில் மெழுகில் உருவம் செய்வார். அதன்மேல் களிமண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய பித்தளையை ஊற்றுவார். அச்சை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் புதிய அச்சு வேண்டும். பொன்னிழை, வெள்ளியிழை சேர்த்து நெய்யும் ஜோங் சாரட் துணியையும் இங்கே காணலாம். மூன்றாவது கூடத்தில் கெடயான், டுசுன், முருட் முதலிய உள்நாட்டு மக்களின் வாழ்க்கை விளக்கப்படுகிறது.

மலாய் மொழியில் கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி'. நம் வணிகர்களோடு கடல் தாண்டிய சொற்கள் இவை.

இவ்வளவு கைத்திறனும் கூடத்துக்குள் வந்து சேர்ந்தது எப்படி? 1906-ல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆட்சி வந்தபின் மக்களைக் கரையில் குடியேறச் சொல்லி ஊக்குவித்தார்கள். 1929-ல் சேரியாவில் எண்ணெய் கிடைத்தது. மாதச் சம்பளம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் வந்தன. தொழிற்சாலைப் பாத்திரம் மலிவாகக் கிடைத்தது. கொல்லர் மகன் உலையை விட்டு அலுவலகம் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

1984-ல் புருணை விடுதலை பெற்றதை முன்னிட்டு இந்த அருங்காட்சியகத்தைப் பரிசாகக் கொடுத்தது ராயல் டச்சு ஷெல் என்ற எண்ணெய் நிறுவனம். 1988-ல் திறந்தார்கள். கைத்தொழிலிலிருந்து ஆட்களை இழுத்த எண்ணெயே அந்தத் தொழில்களுக்கு நினைவகமும் கட்டியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைக் கெண்டியை வைக்கலாம். உலோகம் ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்தே சொல்லும் கண்ணை வைக்க முடியாது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும். அதனால்தான் அந்நாட்டு அரசு கைவினைப் பயிற்சி மையமும் நடத்துகிறது. அருங்காட்சியகத்தில் பார்த்த நெசவையும் உலோக வேலையையும் அங்கே இளைஞர்கள் கற்கிறார்கள். புருணை போகிறவர்கள் இரண்டையும் பார்க்கலாம். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் குடியிருப்பிலும் தறியோ உலையோ இருந்த வீட்டில் பிறந்தவர்கள் இருப்பீர்கள். அந்த வேலை எப்படி நடந்தது என்று அடுத்த இதழுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.