கணக்கில் வராத கால்கள்: தூத்துக்குடி – திருச்செந்தூர் சாலைக்குத் தனித்தடம் ஏன் வேண்டும்

தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பகுதியான இதில் 1974இல் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு லாரிகளும், உப்பு லாரிகளும், பேருந்துகளும் ஓடுகின்றன. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் வேண்டுதலோடு திருச்செந்தூர்க் கோயிலுக்கு நடக்கிறவர்களும் இதே தாரின் விளிம்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கான தனித்தடம், சாலையை அகலப்படுத்திய பின் இடமும் பணமும் மிஞ்சினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வகையில் வைத்துப் பார்க்கப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதும், அந்தத் தவறு சாலையின் தேவையை அளக்கும் முறையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஊர்ப்புறச் சாலைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை வாகன எண்ணிக்கையை வைத்தே முடிவுசெய்கிறார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறிமுறைப்படி ஒவ்வொரு வாகனமும் கார் அலகுக்கு மாற்றப்படுகிறது: லாரிக்கு 3, காருக்கு 1, சைக்கிளுக்கு அரை. நடப்பவருக்கு இந்த அட்டவணையில் இடமே இல்லை. நூறு பேர் நடந்து போனாலும் சாலையின் தேவை ஒரு விரற்கடைகூட உயராது. நடைபாதைக்கென்று தனி நெறிமுறை இருக்கிறது, 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நகரத் தெருவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணக்கெடுக்கும் காலமும் ஒரு வாரம் அறுவடைப் பருவத்தில், ஒரு வாரம் வேலை குறைந்த பருவத்தில் என்றே பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. வயற்காட்டுச் சாலைக்கு அது பொருந்தும். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம் என்று ஆண்டில் பலமுறை கூட்டம் கூட்டமாய் மக்கள் நடந்து வரும் சாலையின் போக்கை அறுவடைப் பருவம் காட்டிவிடாது.

இந்தக் கடற்கரையில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் எந்த நேரத்தில் சாலைக்கு வருகிறார்கள் என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியின் மையம் தூத்துக்குடி. தை மாதம் தொடங்கிப் புரட்டாசி வரை நீளும் பருவத்தில், பாத்தியில் உப்பு வாரும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். வெள்ளை உப்பின்மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். காலிலும் கையிலும் உள்ள வெடிப்புகளை உப்புநீர் எரிக்கும். ஆகவே தொழிலாளர்கள் விடிவதற்கு வெகு முன்பே சைக்கிளில் சோற்றுத் தூக்கை மாட்டிக்கொண்டு அளத்துக்குக் கிளம்புகிறார்கள். பச்சை உடுத்து வெறுங்காலோடு வரும் பாதயாத்திரைக்காரர்களையும் இதே வெயில்தான் இரவுக்குத் தள்ளுகிறது. நண்பகல் தாரில் வெறுங்கால் வைக்க முடியாது. ஆக, நடப்பவரும் சைக்கிள்காரரும் இருட்டில்தான் சாலைக்கு வருகிறார்கள். ஓட்டுநருக்குக் கண் சொக்கும் வேளையும் அதுவே. விழாக்காலங்களில் பக்தர்களின் பையில் காவல்துறையினர் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நல்லெண்ணம் நிறைந்த செயல்தான். ஆனால் உயிரைக் காக்கும் பொறுப்பு அத்தோடு நடப்பவர் தோளிலேயே ஏறிவிடுகிறது.

சாலையை அகலப்படுத்தி ஓரத்தையும் உறுதியாகப் போட்டுவிட்டால் போதுமே என்பது பொறியாளர் தரப்பின் வலுவான எதிர்வாதம். ஓரம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. பழுதான லாரி ஒதுங்குவது அங்கே. பதநீர், நுங்குக் கடை விரிவதும் அங்கேதான். தார் ஓரத்தில் முடியும் இடங்களில், தாரின்மேல் தார் போட்டுப் போட்டு விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு படி விழுந்துவிடுகிறது. பின்னால் ஹாரன் கேட்டு ஒதுங்கும் சைக்கிளின் முன்சக்கரம் அந்தப் படியில் சறுக்கினால், ஆள் விழுவது பெரும்பாலும் சாலைப் பக்கம். அகலம் கூடினால் வேகமும் கூடும் என்பது இதைவிட அடிப்படையான சிக்கல். கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆகும்போது நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மொத்த இறப்புகளில் ஏறத்தாழ 68 விழுக்காடு நிகழ்ந்தது ஊர்ப்புறங்களில். நடைபாதையை நகரத்தின் வசதி என்று ஒதுக்கிவிட இந்த எண்கள் இடம் தரவில்லை.

இப்போது யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள், எல்லாரும் மொபெட்டுக்கும் பேருந்துக்கும் மாறிவிட்டார்களே என்றும் கேட்கப்படுகிறது. மாற்றம் உண்மை, அதன் காரணத்தை ஆராயாமல் விடுவதுதான் பிழை. அஞ்சிச் சாலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை, தேவை இல்லை என்பதற்குச் சான்றாகாது. பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு பல ஆண்டுகளாக விலையில்லா மிதிவண்டி கொடுத்துவருகிறது. பீகாரில் 2006இல் மாணவியருக்குச் சைக்கிள் தரும் திட்டம் வந்தபின் அவர்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததையும், பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பலன் மிகுந்திருந்ததையும் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வு காட்டியது. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை ஓட்டத் தடம் கொடுக்காமல் விடுவது, கொடுத்ததில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வது. பேருந்தில் போகிறவரும் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் நடப்பவர்தானே.

நிலம் பற்றிய தடை மெய்யானது. ஒருபுறம் உப்பளம், மறுபுறம் வாய்க்கால் என்று சாலை நெருக்குண்ட இடங்கள் உண்டு. அங்கே முழு அகலம் கிடைக்காது. கிடைக்கும் அகலத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். மற்ற இடங்களில் ஓர மரங்களுக்கு வெளிப்புறமாகத் தடத்தைக் கொண்டுபோகலாம். மரவரிசையே வேலியாகும், வெறுங்காலுக்கு நிழலும் கிடைக்கும். திண்டுக்கல் – பழனி சாலையில் பாதயாத்திரை பக்தர்களுக்கெனத் தனி நடைபாதை போடப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் முன்மாதிரி இல்லை என்று சொல்ல வழியில்லை. மோட்டார் சைக்கிள்களும் கடைகளும் தடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு, நுழைவாயில்களில் கல் நடுவதும் கடைக்குத் தனி இடம் ஒதுக்குவதும் போதும்.

2025 மே மாதத்தில், கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிருரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உரிமை மாநகர எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அதை இந்தச் சாலையில் நிறைவேற்ற ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி பெருகியபோது இந்தப் பகுதியின் சாலைகள் துண்டுபட்டன. வெள்ளத்துக்குத் தாக்குப்பிடிக்கும்படி பாலங்களையும் வடிகால்களையும் திருத்தும் வேலையின் மதிப்பீட்டிலேயே தடத்தின் செலவைச் சேர்ப்பது, பிறகு தனியாகப் போடுவதைவிட மலிவு. முள்ளக்காட்டிலிருந்து பழையகாயல் வரையுள்ள உப்பளப் பகுதியும், ஒதுங்க இடமே இல்லாத முக்காணி – ஆத்தூர் பாலமும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். அதற்கு முன்னோடியாக, அடுத்த போக்குவரத்துக் கணக்கெடுப்பில் உப்புப் பருவத்தின் ஒரு வாரமும் தைப்பூச வாரமும் சேர வேண்டும். அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரை சாலையில் செல்லும் ஒவ்வொரு சைக்கிளும், நடந்து செல்லும் ஒவ்வொரு ஆளும் தனித்தனியே பதிவாக வேண்டும்.