தஞ்சை நிசும்பசூதனி: ஒரு சுலோகமும் ஒரு சிலையும்

சோழ மன்னன் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றி அங்கே நிசும்பசூதனியைப் பிரதிஷ்டை செய்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கூறுவதையும், அந்நகரின் கீழவாசற் பகுதியில் வடபத்திரகாளியாக இன்று வழிபடப்பெறும் பெருஞ்சிலையையும் சேர்த்து முடிச்சிட்டு, 'இவளே அவள்' என்று தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடையே வேரூன்றிவிட்டது. அவன் கோயில் எடுத்தான் என்பதை நான் ஏற்கிறேன். அக்கோயிலின் மூர்த்தி இதுதான் என்பதை ஏற்க இயலவில்லை.

செப்பேட்டுத் தானம் முதலாம் இராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. ஆயினும் கங்கை வெற்றியும் கடாரப் படையெடுப்பும் அதன் பிரசஸ்தியில் புகழப்படுவதால், அப்பகுதி 1025-க்குப் பின்னரே இயற்றப்பட்டிருத்தல் வேண்டும். தஞ்சை வீழ்ந்தது 850-ஐ ஒட்டி. இத்துணைக் காலம் கழித்து எழுந்த கவிவாக்கு வெறுங்கற்பனை என்பாரும் உளர். அங்ஙனமாயின், 1010-இல் இராஜராஜேச்சுரம் நிறைவெய்திய பின்னர், சிவபாதசேகரன் எனப்பெற்ற இராஜராஜனின் மகனுடைய அவையில் பாடிய புலவன், குலமுதல்வனுக்கென ஒன்றைப் புனைய விரும்பியிருந்தால், சிவாலயத்தையன்றோ புனைந்திருப்பான்? மரபின் பெருமைக்கு அவ்வளவாக உதவாத தேவி கோயிலை அவன் விடாது சுட்டியதே, அது மறக்கவியலாத மெய்ச்செய்தி என்பதற்குப் போதிய சான்றாகும்.

சிலையின் நிலை வேறு. புடவையும் மாலையும் சார்த்திய நித்திய அலங்காரத்தில் பக்தர் காண்பது திருமுகத்தை. ஆராய்ச்சியாளர் பேசுவதோ வற்றிய மேனி, புடைத்த விலாவெலும்பு, தலையோட்டணி ஆகியவற்றை. இவை சாமுண்டியின் அடையாளங்கள். தேவீ மாஹாத்மியத்தில் சண்ட முண்டரை வதைத்து அப்பெயர் பெறுபவள் காளி. நிசும்பனை மாய்ப்பவளோ சண்டிகையே. சிற்பிகள் நூலெழுத்தைக் கடந்ததுண்டு எனலாம், உண்மைதான். ஆயினும் விதிவிலக்கென்று கொள்வதற்கும் ஓர் ஆதாரம் வேண்டாவோ? இருப்பது அந்தச் சுலோகம் ஒன்றே. அதுவோ சிலையின் ஸ்வரூபத்தை வருணிக்கவில்லை.

சிற்ப அமைதி ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பொருந்துகிறதென்பர். பொருந்தட்டும், அந்நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை முத்தரையருடையது; சிலை அவர்கள் காலத்ததாகவும் இருக்கலாம். நிசும்பசூதனி என்று மக்கள் வழங்கும் பெயரையும் சான்றாகக் கொள்வதற்கில்லை. செப்பேட்டு வாசகம் 1920-இல் அச்சேறிய பிறகு, அப்பெயர் படித்தவர் வாயிலாகவே கோயிலை அடைந்திருக்கலாம். ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்கேற்றி நிற்கும் பெண்டிர்க்கு அவள் காளியே.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஒன்றுண்டு: நார்த்தாமலையில் உள்ள கற்றளிக்கு விஜயாலய சோழீச்சுரம் என்று பெயர். அதனை எடுப்பித்தவன் இளங்கோவதியரையன் எனவும், மழையால் இடிந்ததை மல்லன் விடுமன் புதுக்கினான் எனவும் அங்குள்ள கல்வெட்டே கூறும்; இருவருள் ஒருவரும் சோழரல்லர். அப்பெயர்ப்பலகையைக் கல்வெட்டின் துணைகொண்டு கழற்றத் துணிந்தவர்கள், கல்வெட்டுச் சான்றே இல்லாத தஞ்சைச் சிலைக்கு மட்டும் அதே பலகையை மாட்டுவது எந்த நியாயத்தால் என்று அவர்களே விளக்குதல் வேண்டும்.